ஆகாறும் போகாறும்

ஷாதிபூரில் மேடேறிச் செல்லும் தெரு ஒன்றின் முனையில் ஒரு மளிகைக் கடை இருந்தது. அதன் உரிமையாளர் இராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து கப்பலேறி அந்தமானுக்கு வந்தவர். தொடக்கத்தில் பிறர் கடையில் மூட்டை தூக்கினார். பின்னர்ச் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் சொந்தக் கடை வைத்தார். துவரம்பருப்பு, புளி, நல்லெண்ணெய், வற்றல் மிளகாய் என அவர் விற்ற பொருள்களுள் பெரும்பாலானவை கடல் கடந்து வந்தவை. ஊரில் ஒரு விலைக்குக் கிடைக்கும் பொருள், கப்பல் கூலியும் ஏற்றிறக்கும் கூலியும் சேர்ந்து, தீவில் வேறொரு விலைக்கு வந்து நிற்கும்.

கடையின் பின்னறையில் அவருடைய மனைவி ஒரு தையல் இயந்திரத்தை வைத்திருந்தார். அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு ரவிக்கை தைத்துக் கொடுப்பார். பள்ளி திறக்கும் காலத்தில் சீருடைகள் மலைபோல் குவியும். கடையின் கணக்குப் புத்தகத்தில் நாள்தோறும் விற்பனை எழுதப்பட்டது. தையலுக்கு மட்டும் அதில் ஒரு பக்கமும் இல்லை. அம்மாவின் பணம் அரிசிப் பானைக்குப் பின்னால் இருந்த ஒரு பிஸ்கட் டப்பாவில் சேர்ந்தது.

ஒருநாள் மொத்த வியாபாரி ஒருவர் கடைக்கு வந்தார். அரிசி ஏஜென்சி எடுத்துக்கொள்ளுமாறு கேட்டார். மாதம் ஒன்றரை இலட்சம் ரூபாய்க்கு அரிசி விற்றுவிடலாம் என்றார். மூட்டைகளை அடுக்க இடம் வேண்டும். பின்னறையை விட்டால் வேறு இடமில்லை.

அன்றிரவு அப்பா உற்சாகத்துடன் பேசினார். “இப்போது நம் விற்பனை மாதம் மூன்று இலட்சம். அரிசியும் சேர்ந்தால் நாலரை இலட்சம். இந்தத் தெருவில் நம் கடைதான் முதல் கடையாக இருக்கும். தையலில் வருவது பதினெட்டாயிரம்தானே? இயந்திரத்தை விற்றுவிடலாம்.”

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் மகள் ஏதோ சொல்ல வாயெடுத்து, அம்மாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

அந்த வாரம் வகுப்பில் அவள் ஒரு கட்டுரை எழுத வேண்டியிருந்தது. உலகின் பெரிய நிறுவனங்களை எவ்வாறு வரிசைப்படுத்துகிறார்கள் என்பதே தலைப்பு. பள்ளி நூலகத்தில் பழைய வணிக இதழ்கள் கட்டுக் கட்டாக இருந்தன. அவற்றைப் புரட்டியபோது ‘முதல் கடை’ என்று அப்பா சொன்ன சொல் அவள் நெஞ்சில் திரும்பத் திரும்ப வந்தது.

நிறுவனங்களை வருவாயால் வரிசைப்படுத்தும் வழக்கத்தைப் புகழ்பெறச் செய்தது அமெரிக்காவின் ‘ஃபார்ச்சூன்’ இதழ். 1955ஆம் ஆண்டில் அது ஐந்நூறு அமெரிக்க நிறுவனங்களின் பட்டியலை வெளியிட்டது. கார் தயாரிக்கும் ஜெனரல் மோட்டார்ஸ் அதில் முதலிடம் பெற்றது. அன்றைய பட்டியலில் தொழிற்சாலைகளும் சுரங்கங்களும் நடத்திய நிறுவனங்களுக்கே இடமிருந்தது. கடைகள், வங்கிகள் முதலிய சேவை நிறுவனங்கள் 1995ஆம் ஆண்டில்தான் அதனுள் வந்தன. அதற்குப் பின் ஏழே ஆண்டுகளில், 2002இல், வால்மார்ட் என்னும் கடை நிறுவனம் முதலிடத்தைப் பிடித்தது. பட்டியலுக்குள் யாரைச் சேர்ப்பது என்னும் விதி மாறியதும் ‘பெரியவர்’ யார் என்பதும் மாறிவிட்டது. இந்தியாவுக்கெனத் தனிப் பட்டியல் 2010இல் தொடங்கியது. பல ஆண்டுகள் அதில் இந்தியன் ஆயில் முதலிடத்தில் இருந்தது. 2019இல் அவ்விடத்தை ரிலையன்ஸ் பெற்றது.

இந்தியன் ஆயில் என்ற பெயரைக் கண்டதும் மாணவி நிமிர்ந்து உட்கார்ந்தாள். பள்ளிக்குப் போகும் வழியில் பெட்ரோல் நிலையத்தில் அவள் நாள்தோறும் பார்க்கும் பெயர் அது. தீவுகளில் மின்சாரத்தின் பெரும்பங்கு டீசல் இயந்திரங்களால் கிடைக்கிறது. அந்த டீசலும் கப்பலில்தான் வருகிறது. மின்விசிறி சுழல்வதற்கும் அந்தப் பட்டியலுக்கும் தொடர்பு இருப்பதை அவள் அப்போதுதான் உணர்ந்தாள்.

வருவாய் என்பது என்ன? ஒரு நிறுவனம் ஓராண்டில் பொருள்களை விற்றும் சேவைகளை அளித்தும் ஈட்டிய மொத்தத் தொகையே வருவாய். வணிகர் இதனை விற்றுமுதல் என்பர். இதிலிருந்து கொள்முதல் விலை, கூலி, வாடகை, வட்டி, வரி ஆகியவற்றைக் கழித்த பின் எஞ்சுவது நிகர லாபம். வருவாய்ப் பட்டியல் எஞ்சுவதைப் பார்ப்பதில்லை. வருவதை மட்டுமே பார்க்கிறது. கடனுக்கு விற்ற சரக்கும் வருவாயில் சேரும். பணம் கைக்கு வந்ததா என்பது வேறு கணக்கு. மாதக் கடைசியில் கடன் குறிப்பேட்டைப் பார்த்துப் பெருமூச்சு விடும் எந்தக் கடைக்காரருக்கும் இவ்வேறுபாட்டை விளக்கத் தேவையில்லை.

பட்டியல் தயாரிப்போர் முன் வேறு சில சிக்கல்களும் நிற்கின்றன. இந்திய நிறுவனங்களின் நிதியாண்டு ஏப்ரல் முதல் மார்ச் வரை செல்லும். வால்மார்ட்டின் ஆண்டு ஜனவரியில் முடியும். ஆப்பிள் நிறுவனத்தின் ஆண்டு செப்டம்பரில் முடியும். ஆகவே, உலகப் பட்டியல் மார்ச் 31ஆம் நாள் அல்லது அதற்கு முன் முடிந்த நிதியாண்டை எடுத்துக்கொள்கிறது. ரூபாய், யென், யூரோ எனப் பல நாணயங்களில் உள்ள கணக்குகள் ஆண்டின் சராசரி மாற்று விகிதப்படி டாலராக்கப்படுகின்றன. இதனால் ரூபாயின் மதிப்பு குறைந்தால், ஓர் இந்திய நிறுவனம் முன்பு விற்ற அளவே விற்றிருந்தாலும் பட்டியலில் சறுக்கக்கூடும். ஒரு நிறுவனத்திற்குத் துணை நிறுவனங்கள் இருப்பின் அவற்றின் வருவாயும் தாய் நிறுவனத்தின் ஒருங்கிணைந்த கணக்கில் சேர்க்கப்படும். இத்தனைக்கும் மேலாக, கணக்கை வெளியிடும் நிறுவனங்களை மட்டுமே வரிசையில் நிறுத்த முடியும்.

மாணவி தன் குறிப்பேட்டில் இந்தியன் ஆயிலின் இரண்டு ஆண்டுக் கணக்கை எழுதினாள். துணை நிறுவனங்களைச் சேர்க்காத தனிக் கணக்கின்படி, 2022-23ஆம் நிதியாண்டில் அதன் வருவாய் 9,34,953 கோடி ரூபாய். நிகர லாபம் 8,242 கோடி ரூபாய். அடுத்த ஆண்டில் வருவாய் 8,66,345 கோடியாகக் குறைந்தது. லாபமோ 39,619 கோடியாக உயர்ந்தது.

எழுதியதை அவள் மீண்டும் ஒருமுறை சரிபார்த்தாள். வருவாய் ஏறத்தாழ 68,600 கோடி குறைந்திருக்க, லாபம் ஏறக்குறைய ஐந்து மடங்கு ஆகியிருந்தது. எண்களில் பிழையில்லை. காரணம் கச்சா எண்ணெயில் இருந்தது. இந்தியா தனக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் எண்பத்தைந்து விழுக்காட்டுக்கும் மேல் வெளிநாடுகளிலிருந்து வாங்குகிறது. 2022இல் உக்ரைன் போர் மூண்டதும் அதன் விலை ஏறியது. விலை ஏறினால் விற்பனைத் தொகையும் தானே ஏறும். ஒரு லிட்டர் கூடுதலாக விற்காமலேயே வருவாய் பெருகிக் காட்சி தரும். ஆனால் உள்நாட்டில் பெட்ரோல், டீசல் விலைகள் நெடுங்காலம் உயர்த்தப்படாமல் நிறுத்தி வைக்கப்பட்டன. சமையல் எரிவாயுவில் ஏற்பட்ட இழப்பை ஈடுசெய்ய, அரசு 2022 அக்டோபரில் மூன்று பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்களுக்கு 22,000 கோடி ரூபாய் வழங்க நேர்ந்தது. மறு ஆண்டில் கச்சா எண்ணெய் விலை தணிந்தது. வருவாய் இறங்கியது, எஞ்சியது பெருகியது. மேலும், அந்த 9,34,953 கோடியில் அரசுக்குச் சேரும் கலால் வரியும் அடங்கும். அது நிறுவனத்தின் வழியாகச் செல்லும் பணமே தவிர, நிறுவனத்தில் தங்கும் பணம் அன்று.

ஒப்பிட்டுப் பார்க்க அவள் டாடா கன்சல்டன்சி சர்வீசஸ் நிறுவனத்தை எடுத்துக்கொண்டாள். கணினி மென்பொருள் சேவை செய்யும் இந்நிறுவனத்தின் 2022-23ஆம் ஆண்டு வருவாய் ஏறத்தாழ 2,25,000 கோடி ரூபாய். இது இந்தியன் ஆயில் வருவாயில் நான்கில் ஒரு பங்கைவிடச் சற்றே குறைவு. லாபமோ ஏறத்தாழ 42,000 கோடி. அதாவது அவ்வாண்டில் இந்தியன் ஆயில் ஈட்டியதைப்போல் ஐந்து மடங்கு. நூறு ரூபாய் வந்தால் மென்பொருள் நிறுவனத்தில் பதினெட்டு ரூபாய்க்கு மேல் தங்கியது. எண்ணெய் நிறுவனத்தில் தங்கியது எண்பத்தெட்டுக் காசு. ஒன்று சரக்கு வாங்கி விற்கும் தொழில். மற்றொன்று மனிதரின் திறமையையும் உழைப்பையும் விற்கும் தொழில்.

‘ரவிக்கை தைப்பது இதில் எந்த வகை?’ என்று அவள் குறிப்பேட்டின் ஓரத்தில் பென்சிலால் எழுதினாள்.

இதனால் வருவாய்ப் பட்டியல் பயனற்றது என்று முடிவு செய்வது தவறு. எத்தனை பேருடைய வாழ்வில் ஒரு நிறுவனம் புகுந்திருக்கிறது, எவ்வளவு பெரிய சந்தையை அது தாங்கி நிற்கிறது என்பதை வருவாய் காட்டும். 2023ஆம் ஆண்டில் இலாபம் குறைந்திருந்த போதும் இந்தியன் ஆயில் நின்றிருந்தால் தீவில் விளக்கு எரிந்திராது. அச்சிறப்பை இலாபக் கணக்கு சொல்லாது. வால்மார்ட் ஓராண்டில் ஏறத்தாழ 64,800 கோடி டாலருக்கு விற்று 1,550 கோடி டாலரை மட்டுமே லாபமாகப் பெற்றது. ஆப்பிள் ஏறத்தாழ 38,300 கோடி டாலருக்கு விற்று 9,700 கோடி டாலரை லாபமாகப் பெற்றது. எது பெரியது என்று கேட்டால், எதில் பெரியது என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது. இக்குழப்பத்தினால்தான் ‘ஃபோர்ப்ஸ்’ இதழ் 2003 முதல் விற்பனை, லாபம், சொத்து, சந்தை மதிப்பு ஆகிய நான்கையும் சேர்த்து வேறொரு பட்டியல் தயாரித்து வருகிறது. அதிலும் நான்குக்கும் எவ்வளவு எடை தருவது என்பது தயாரிப்போரின் விருப்பமே.

மாணவியின் கண்ணில் கடைசியாகப் பட்டது 1995ஆம் ஆண்டின் உலகப் பட்டியல். அதில் முதல் நான்கு இடங்களையும் மிட்சுபிஷி, மிட்சுயி, இட்டோச்சு, சுமிட்டோமோ என்னும் ஜப்பானிய வணிக நிறுவனங்கள் பெற்றிருந்தன. ஜெனரல் மோட்டார்ஸ் ஐந்தாம் இடத்தில் நின்றது. இந்த ஜப்பானிய நிறுவனங்கள் இரும்பு, நிலக்கரி, எண்ணெய், தானியம் எனப் பலவற்றை ஒருவரிடமிருந்து மற்றவருக்குக் கைமாற்றி விடுபவை. கைமாறிய சரக்கின் முழு விலையும் அன்று அவற்றின் விற்பனையாகக் கொள்ளப்பட்டது. கிடைத்த லாபமோ மெலிந்தது. இன்றைய கணக்கியல் விதி இதில் தெளிவாக உள்ளது. சரக்கைத் தன் பொறுப்பில் ஏற்று விற்பவர் முழு விலையையும் வருவாயாகக் காட்டலாம். பிறருடைய சரக்கை விற்றுக் கொடுக்கும் முகவர், தமக்குக் கிடைக்கும் கமிஷனை மட்டுமே வருவாயாகக் காட்ட வேண்டும்.

அதைப் படித்ததும் அவள் இதழை மூடிவிட்டு வீட்டுக்கு நடந்தாள்.

இரவு உணவுக்குப் பின் அவள் கேட்டாள்: “அப்பா, அந்த அரிசி மூட்டைகள் யாருடையவை?”

“ஏன், நம் கடையில் இருந்தால் நம்முடையவைதானே?”

“விற்காமல் போனால்?”

“திருப்பி எடுத்துக்கொள்வார். விற்ற பிறகுதான் பணம் கட்ட வேண்டும். விலையையும் அவரே சொல்வார். நமக்குக் கமிஷன்.” சொல்லிக்கொண்டே வந்த அப்பா சற்று நிறுத்தினார். “மாதம் நாலாயிரம் வரும் என்றார்.”

“அப்படியானால் மூட்டைகள் அவருடையவை, அப்பா. ஒன்றரை இலட்சம் அவருடைய விற்பனை. நம் புத்தகத்தில் எழுத வேண்டியது நாலாயிரம்தான்.”

அப்பாவுக்கு இது பிடிக்கவில்லை. “சட்டப் புத்தகத்துக்கு அப்படி இருக்கலாம். தெருவில் பார்ப்பவர்களுக்கு நம் கடையில் மூட்டை இறங்குவதுதான் தெரியும். அரிசி வாங்க வருபவர்கள் பருப்பும் வாங்குவார்கள். விற்பனை கூடினால் சென்னை வியாபாரி எனக்கு விலை குறைத்துத் தருவார். இதெல்லாம் உன் கணக்கில் வருமா?”

அது சரியான கேள்வி. அவளால் உடனே விடை சொல்ல முடியவில்லை. “அதையும் எழுதலாம், அப்பா. எவ்வளவு கூடும் என்று நீங்களே சொல்லுங்கள்” என்றாள்.

அவர் கூரையைப் பார்த்து யோசித்தார். “மாதம் இரண்டாயிரம் கூடலாம்.”

மகள் தாளில் எழுதினாள். மளிகை விற்பனை 3,00,000. சரக்குக் கொள்முதலும் கப்பல் கூலியும் 2,65,000. வாடகை 9,000. கடையில் வேலை செய்யும் பையனின் சம்பளம் 12,000. மின்சாரமும் வீணாகும் பொருளும் 3,000. மீதி 11,000. அப்பா தலையசைத்தார், அந்தத் தொகை அவருக்குத் தெரிந்ததே.

“அம்மா, உங்கள் கணக்கு?”

அம்மா பிஸ்கட் டப்பாவைக் கொண்டு வந்தார். அதனுள் பணத்தோடு ஒரு சிறு நோட்டும் இருந்தது. நூல், உள்துணி, கொக்கி, ஊசி, மின்சாரம் என எல்லாவற்றையும் அவர் தேதியிட்டு எழுதி வைத்திருந்தார். மாத வரவு 18,000, செலவு 5,000, மீதி 13,000.

யாரும் சிறிது நேரம் பேசவில்லை. அப்பா அந்தச் சிறு நோட்டை வாங்கிப் பக்கம் பக்கமாகப் பார்த்தார். இத்தனை ஆண்டுகளில் அவர் அதைக் கண்டதில்லை.

“இப்போது நம் வீட்டில் தங்குவது 24,000. அரிசி வந்து தையல் போனால், 11,000, அதனோடு 4,000, நீங்கள் சொன்ன 2,000. மொத்தம் 17,000” என்று மகள் கூட்டிச் சொன்னாள்.

“பின்னறைக்கு வாடகை?” என்று அப்பா கேட்டார். “முழு வாடகையும் என் கணக்கில்தானே இருக்கிறது? பின்னறை மூன்றில் ஒரு பங்கு.”

“அதுவும் சரிதான். 3,000 ரூபாயை அம்மாவின் கணக்கில் வைத்தால் தையலில் 10,000, மளிகையில் 14,000. ஆனால் கூட்டினால் அதே 24,000தான், அப்பா.”

திருக்குறளில் ‘வலியறிதல்’ என்னும் நாற்பத்தெட்டாம் அதிகாரம், பொருள் வரும் வழியை ‘ஆகாறு’ என்றும் பொருள் போகும் வழியை ‘போகாறு’ என்றும் சுட்டுகிறது. வரும் வழி குறுகலாக இருந்தாலும் கேடில்லை, போகும் வழி அகலாதிருந்தால் போதும் என்பது அங்குக் கூறப்படும் கருத்து. வருவாய் வரிசை ஆகாற்றின் அகலத்தை மட்டுமே அளக்கிறது. தாளின் மேல் கிடந்த எண்களில் இரண்டும் அருகருகே நின்றன.

மறுநாள் மொத்த வியாபாரி வந்தபோது, முன் திண்ணையில் அடங்கும் அளவு, பத்து மூட்டை மட்டும் போதும் என்று அப்பா கூறினார். அவர் சற்று வருத்தத்துடனேயே சென்றார். தெருவின் முதல் கடை என்னும் பெயர் எதிர்க் கடைக்கே போகட்டும் என்று அப்பாவுக்கு முழு மனத்தோடு சொல்ல முடியவில்லை. அன்று முழுவதும் அவர் குறைவாகவே பேசினார். மாலையில் கடையின் கணக்குப் புத்தகத்தை எடுத்து ஒரு புதிய பக்கத்தைத் திருப்பி, மேலே ‘தையல்’ என்று எழுதினார். வரவு என ஒரு பத்தியும் செலவு என ஒரு பத்தியும் மீதி என மூன்றாவதாக ஒரு பத்தியும் கோடிட்டார்.

பின்னறையிலிருந்து இயந்திரத்தின் ஓசை நின்றது. “என் பக்கத்தில் வாடகை மூவாயிரத்தையும் எழுதிவிடுங்கள்” என்று அம்மாவின் குரல் வந்தது.

சொற்பொருள்

ஆகாறு – பொருள் வரும் வழி
போகாறு – பொருள் செலவாகும் வழி
விற்றுமுதல் – விற்பனையால் வந்த மொத்தத் தொகை
நிகர லாபம் – எல்லாச் செலவும் வரியும் போக எஞ்சுவது
கலால் வரி – நாட்டில் உற்பத்தியாகும் பொருள் மீது விதிக்கப்படும் வரி
முகவர் – பிறருக்காக விற்றுக் கொடுப்பவர்
விழுக்காடு – நூற்றுக்கு இவ்வளவு என்னும் கணக்கு

பயிற்சி

1. இந்தியன் ஆயில் நிறுவனத்தின் வருவாய் குறைந்த ஆண்டில் அதன் லாபம் உயர்ந்தது ஏன்?
2. 2023-24ஆம் ஆண்டில் இந்தியன் ஆயிலுக்கு வந்த ஒவ்வொரு நூறு ரூபாயிலும் எவ்வளவு லாபமாகத் தங்கியது? பாடத்திலுள்ள எண்களைக் கொண்டு கணக்கிடுக.
3. அரிசி மூட்டைகளைக் கடைக்காரர் சொந்தப் பணத்தில் வாங்கி விற்றிருந்தால், அவருடைய வருவாய்க் கணக்கு எவ்வாறு மாறியிருக்கும்?
4. அப்பா கூறிய காரணங்களுள் உமக்கு ஏற்புடையது எது? ஏன்? ஐந்து வரிகளில் எழுதுக.
5. அம்மா தன் உழைப்புக்குக் கூலி எதுவும் செலவில் எழுதவில்லை. எழுதியிருந்தால் ‘மீதி’ என்னவாகும்? வகுப்பில் கலந்துரையாடுக.
6. பிரித்து எழுதுக: போகாறு, பின்னறை, விற்றுமுதல்.
7. கடையின் கணக்குப் புத்தகத்தையும் கடன் குறிப்பேட்டையும் உம் சொந்த ஊரில் எவ்வாறு அழைப்பர்? வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வருக.